மாத்திரை வாசல் வரை வருகிறது. சாப்பாட்டுத் தட்டு வரை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீடு தேடி மாத்திரை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் பஸ் ஏறி வரிசையில் நின்ற முதியவர்களின் அலைச்சல் பெருமளவு தீர்ந்தது. 2024-ல் ஐ.நா. அமைப்பு அதற்கு விருது கொடுத்ததும் தகுதியான பாராட்டுதான். அந்தத் திட்டம் இன்னும் இரண்டடி உள்ளே போக வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். வாசற்படியில் கொடுத்த மாத்திரை சரியான வேளைக்கு, சரியான எண்ணிக்கையில், சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போகிறதா என்று பார்க்க இன்று யாரும் இல்லை. மறதி தொட்டுவிட்ட முதியவர்கள் விஷயத்தில் அந்த இரண்டடியில்தான் உயிர் போகிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேருக்கு 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இப்போது அந்த விகிதம் இன்னும் கூடுதல். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, மாநிலத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மற்றொரு தேசிய ஆய்வு கணித்திருக்கிறது. மறதி நோய்க்கு ஒரு படி முன்னால் நிற்பவர்கள் அதைவிட அதிகம். மருத்துவர்கள் அதை 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர் தானே குளிப்பார், சமைப்பார், கோயிலுக்குப் போய்வருவார், பேரன் பேத்தி பெயரெல்லாம் சொல்வார். காலையில் மாத்திரை போட்டோமா என்பது மட்டும் பதினோரு மணிக்கு நினைவிருக்காது. பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் தெரிவார். அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஆணியில் தொங்கும் மஞ்சப்பையைப் பாயில் கொட்டிப் பாருங்கள். அரசு கொடுத்த சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் அட்டை நான்கு. போன தீபாவளிக்கு மகன் வந்திருந்தபோது தனியார் டாக்டரிடம் காட்டி வாங்கிய கூட்டு மாத்திரை ஒரு அட்டை; அதற்குள்ளும் மெட்பார்மின் இருக்கிறது, கூடவே கிளிமிபிரைடு. கால் எரிச்சலுக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின். மருந்துக்கடையில் சளிக்குக் கேட்டு வாங்கியதில் மிச்சம் நாலு. தாத்தாவின் பிபி மாத்திரை. பாதிக்கு மேல் வெள்ளை நிறம், வட்ட வடிவம். போன மாதம் நீல அட்டையில் வந்தது இந்த மாதம் பச்சை அட்டையில் வந்தால் புது மாத்திரை என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை இருக்கும் வீட்டில் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் விழுங்குவதும் நடக்கிறது. அவருக்குச் சிவப்புத் துணிப்பை, இவருக்குப் பச்சை என்று பிரித்து வைத்தாலே பாதிக் குழப்பம் குறையும்.

மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் 'ஒழுங்கா போடறீங்களாம்மா?' என்று கேட்டால் 'போடறேன் கண்ணு' என்றுதான் பதில் வரும். அது பொய்யல்ல; அவர் அப்படித்தான் நம்புகிறார். அதனால் கேட்பதைவிட எண்ணுவது மேல். தினம் இரண்டு வீதம் 30 நாளைக்கு 60 மாத்திரை கொடுத்திருந்தால் 28 நாள் முடிவில் 4 மிஞ்ச வேண்டும். 25 மிஞ்சினால் மறந்திருக்கிறார். 22-ஆம் நாளே தீர்ந்துபோயிருந்தால் போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கிறார். இரண்டாவதுதான் ஆபத்து. ஆனால் 'தீர்ந்துவிட்டது, சீக்கிரம் கொடுங்கள்' என்று கேட்பவர் ஒழுங்காக மருந்து எடுப்பவராகவே பதிவேட்டில் தெரிவார்.

ஏன் ஆபத்து? மெட்பார்மின் தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்குக் கீழே தள்ளுவது அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு வகையும் இன்சுலினும் தள்ளும். அந்த மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. ஏகாதசி, சஷ்டி, அமாவாசை என்று விரதம் இருந்தாலும், பல் வலியில் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாலும், சாப்பிட்டதாக நினைத்துச் சாப்பிடாமலே விட்டாலும் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து உடம்பைவிட்டு வெளியேற நாளாகும். ஒரு நாள் பிசகின் விளைவு மறுநாளும் தொடரும். இந்த வகையில் கிளிபென்கிளமைடு மிக மோசம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் விலை மலிவு என்பதால் மெட்பார்மினோடு சேர்த்த கூட்டு மாத்திரையாக அது இன்னும் வீடுகளில் கிடக்கிறது. அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தால் தானாக நிறுத்தாமல், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளை திணறுகிறது. இளையவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி என்று உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். முதியவருக்கு இந்த அறிகுறிகள் மங்கிவிடுகின்றன. அட்டினலால், புரோப்ரனலால் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியலாம். பதிலுக்குப் பேச்சு குழறும், கோபம் வரும், சொன்னதையே சொல்வார், புடவையைத் தலைகீழாகக் கட்டிக்கொள்வார், திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கிவழிவார். வீட்டில் 'வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது' என்று விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே மறதி உள்ளவர் என்றால் சந்தேகமே வராது. 2009-ல் கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனை வரை போகும் அளவுக்குத் தாழ்சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அது எத்தனை முறை வந்ததோ அந்த அளவுக்கு அபாயமும் ஏறியது. மறதியால் மாத்திரை இரட்டிப்பாகிறது, இரட்டித்த மாத்திரையால் சர்க்கரை இறங்குகிறது, இறங்கிய சர்க்கரை மூளையை மேலும் அரிக்கிறது. இந்தச் சுழலை வீட்டில்தான் அறுக்க முடியும்.

முதியவர் திடீரென்று குழம்பினால் முதலில் குளுக்கோமீட்டர். கருவி இல்லை என்றால் தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். அப்போதைக்குக் கொடுக்கும் கொஞ்சம் சர்க்கரையால் பெரிய கெடுதல் இல்லை, கொடுக்காமல் விட்டால் உண்டு. விழுங்க முடிகிறவருக்கு 3 தேக்கரண்டி சர்க்கரையை, தென்மாவட்டத்தில் சீனி என்போமே அதை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அது ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிடவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மட்டும் சீனி சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். செயற்கை இனிப்பு மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை என்றால், தெளிந்துவிட்டாரே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. பல மணி நேரம் கழித்தும் திரும்ப வரக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. ஒரு வேதனை: 'சுகர் வீடு' என்று சீனியையே வீட்டில் வைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு சிறு பாட்டிலில் சீனி போட்டு மேலே சிவப்புத் துணி கட்டி, தலைமாட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

சர்க்கரையை எவ்வளவு குறைத்தாலும் நல்லது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ1சி) 6-க்கு வந்தால் இனிப்பு கொடுக்காத குறையாகக் கொண்டாடுகிறோம். 10,251 சர்க்கரை நோயாளிகள் பங்கேற்ற 'அக்கார்டு' ஆய்வில், அந்தச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் 2008-ல் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். அதே ஆய்வின் மூளை சார்ந்த பகுதியிலும் கடுமையான கட்டுப்பாட்டால் நினைவாற்றலுக்குப் பலன் தெரியவில்லை. அறிவாற்றல் தளர்ந்த முதியவருக்கு அந்தச் சராசரி 8-க்குக் கீழே இருந்தால் போதும், வெறும் வயிற்றில் 90 முதல் 150, படுக்கப்போகும்போது 100 முதல் 180 என்பது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். எனவே மறதி உள்ள 75 வயதுப் பாட்டிக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரைகளாலோ இன்சுலினாலோ 6.2 வந்திருந்தால், மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டிய எண் அது. ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரையை இரண்டாக்க முடியுமா, தாழ்சர்க்கரை தராத மாத்திரைக்கு மாற முடியுமா என்ற கேள்வியையும் குடும்பம் தயங்காமல் கேட்கலாம்.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் பார்க்க வேண்டியது இன்னும் நுணுக்கமானது. நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா வடிவ ஊசியான பென்னில் போடும் கார்ட்ரிட்ஜ் என்ற மருந்துக் குழல் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அந்தச் செறிவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வெளியூர்ப் பிள்ளை நல்லெண்ணத்தோடு பென் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பென் ஊசி தீர்ந்த அன்று, வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சால் கார்ட்ரிட்ஜிலிருந்து உறிஞ்சி '20' கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. தலைகீழாக, 40 யூனிட் பாட்டிலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் '20' வரை எடுத்தால் வெறும் 8 யூனிட்தான் போகும். ஒரு வீட்டில் ஒரே வகை மருந்து, ஒரே வகை சிரிஞ்ச் என்பதை எழுதி ஒட்டவே வேண்டும்.

கலங்கலாக இருக்கும் கலப்பு இன்சுலினைக் குலுக்கக் கூடாது; உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழுமாகத் திருப்ப வேண்டும். மறதி உள்ளவர் இந்தப் படியைத்தான் முதலில் விடுகிறார். வலிக்காத இடம் என்று தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டிவிடும். அதில் போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. விரல்களால் வயிற்றைத் தடவிப் பார்த்தாலே கட்டி தெரியும். கட்டியிலிருந்து புது இடத்துக்கு மாற்றும்போது மருந்து முழுதாக ஏறிச் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அளவு கேட்டே மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்ன ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறப்பவருக்கு, சோறு வடித்து இறக்கிய பிறகே ஊசி என்று வழக்கப்படுத்துங்கள். ஊசி போட்ட பின் பாட்டிலும் சிரிஞ்சும் அவர் கையில் இருக்கக் கூடாது. உதவி செய்கிறவர் எடுத்து வைத்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரு பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டி, நடுவில் ஈர மணல் போதும்.

மாத்திரைக்கும் வழிகள் உண்டு. ஒரு வாரத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுங்கள். மீதியை வேறு ஒருவர் வைத்திருக்கட்டும். ஏழு நாள் டப்பா கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நாட்டுமருந்துக் கடைப் பொட்டலம் போல மடித்து, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று வரைந்து, கிழமை போட்டு வைக்கலாம். அட்டையைக் குழி குழியாகக் கத்தரித்துப் போடும் வழக்கம் மட்டும் கூடாது. கண் மங்கியவர் தகட்டோடு விழுங்கி, அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தினசரி காலண்டர் தொங்காத வீடு குறைவு: காலை மாத்திரை போட்டபின் உதவுகிறவர் அன்றைய தாளைக் கிழிப்பது எளிய அடையாளம். வெளியூரிலிருந்து தொலைபேசியில் 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்பதில் பயனில்லை. வீடியோவில் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். புதன்கிழமைக் குழி காலியா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

மறதி எதனால் என்பதையும் ஒருமுறை தேட வேண்டும். தேடினால் சிலருக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் கிடைக்கும். மெட்பார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 சத்து குறையும். அந்தக் குறைவே மறதியையும் கால் மரத்துப்போவதையும் தரும். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், கண்புரை எல்லாமே மறதி போலத் தோற்றம் காட்டும். மேலே மஞ்சப்பையில் பார்த்த அமிட்ரிப்டிலினும் சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமினும் முதியவர் மூளையை மந்தமாக்குகிறவை. கால் எரிச்சலுக்கு மாற்று மருந்து இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்வதும் இன்றைய தேதி கேட்பதும் அநியாயம். முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், சர்க்கரை இறங்கியிருக்கும்போது நினைவைச் சோதிப்பதில் பொருளில்லை. பிறகு வாழைப்பழம், செருப்பு, கோயில் என்று மூன்று சொல் சொல்லி, சில நிமிடம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். ரேஷனில் இந்த மாதம் என்ன வாங்கினார், 100 ரூபாய் கொடுத்து 35 ரூபாய்க்கு வாங்கினால் மீதி எவ்வளவு, குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுகிறதா, பால் பொங்குவது கூடியிருக்கிறதா என்பதெல்லாம் வீட்டாரிடம் கேட்க வேண்டியவை. போன வருடத்தைவிட மாற்றம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பலாம். இரண்டு நாளுக்குள் திடீரென்று வந்த குழப்பம் வேறு. அது சிறுநீர்த் தொற்றோ, காய்ச்சலோ, நீர்வற்றலோ, பக்கவாதமோ ஆக இருக்கலாம், அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

கால்களைப் பற்றி ஒரு சொல். உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. தெரிந்தாலும் மாலைக்குள் மறந்துவிடுவார். வாரத்தில் இரண்டு நாளாவது வேறொருவர் விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றவிடாதீர்கள், விடியற்காலைத் தரிசனம் போதும்.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' பதிவேட்டில் மூன்று கட்டங்கள் சேர வேண்டும்: மிஞ்சிய மாத்திரை எண்ணிக்கை, கடந்த மாதம் குழப்பமோ மயக்கமோ வந்ததா, மாத்திரைக்குப் பொறுப்பான ஆள் யார். மூன்றாவது கட்டத்தில் மருமகள் பெயரையே எழுதி முடித்துவிடக் கூடாது. அவர் காலை ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வேனில் ஏறுகிறவராக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், அங்கன்வாடிப் பணியாளர் என யார் ஒப்புக்கொள்கிறாரோ அவர் பெயர் வேண்டும். எண்ணவும் பொட்டலம் கட்டவும் ஒரு வீட்டுக்கு 15 நிமிடம் கூடுதலாகும். அதற்குத் தகுந்த ஊதியம் தன்னார்வலருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கும் சுமை போதும். ஆண்டுக்கு ஒருமுறை 'பையோடு வாருங்கள்' என்று ஒரு நாள் வைத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மஞ்சப்பையை மேசையில் கொட்டி வேண்டாதவற்றை நீக்கித் தரட்டும். மெட்பார்மினை நான்கைந்து ஆண்டு தாண்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கேயே பி12 பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கட்டும். இன்சுலின் போடும் முதியவர் வீட்டுக்குக் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் மாத்திரையோடு சேர்ந்து வரட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இதழின் ஒரு பக்கத்தில் கால் பகுதி இடம் கொடுத்து, கண் மங்கியவரும் படிக்கும் பெரிய எழுத்தில், கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டும்படி இதை மட்டும் அச்சிட வேண்டுகிறோம்: 'திடீர்க் குழப்பமா? சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனி, அரை டம்ளர் தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு சாப்பாடு, மருத்துவமனை. நினைவு இல்லையா? வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108.' அதற்குக் கீழே முதியோர் உதவி எண் 14567. அதற்கும் கீழே ஒரு வெற்றுக்கோடு: பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை எழுதிக்கொள்ள.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பில் இருக்கும் சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி மாவட்டம்.